இருபத்தொரு கியரா, ஒன்பதா? மலையேறும் சைக்கிளுக்கு ஒரு பல் கணக்கு

"மாமா, ஒன்றில் இருபத்தொரு கியர், இன்னொன்றில் ஒன்பதுதான். விலை ஏறக்குறைய ஒன்றே. மலைக்கு இருபத்தொன்றுதானே நல்லது?" என்று அக்கா மகன் தொலைபேசியில் கேட்டான். கேள்விக்குள்ளேயே பதிலையும் வைத்திருந்தான். அவன் வயதில் நானும் அப்படித்தான் நினைத்தேன். கியர்களின் எண்ணிக்கையைச் சைக்கிளின் சட்டத்திலேயே பெரிதாக ஒட்டி விற்கிறார்கள். பற்களின் எண்ணிக்கையை யாரும் ஒட்டுவதில்லை.

"கியரை விடு. முன்னால் இருப்பதில் ஆகச் சிறிய பற்சக்கரத்துக்கு எத்தனை பல், பின்னால் இருப்பதில் ஆகப் பெரியதற்கு எத்தனை பல், எண்ணிச் சொல்" என்றேன். கடைக்காரர் பொறுமைசாலி போலிருக்கிறது. அரை மணி நேரத்தில் நான்கு எண்கள் வந்து சேர்ந்தன. இருபத்தொரு கியர் வண்டியில் முன்னால் 24, பின்னால் 28. ஒன்பது கியர் வண்டியில் முன்னால் 32, பின்னால் 42.

மலைக்கு வேண்டிய கணக்கு ஒன்றுதான். மிதியோடு சேர்ந்து சுற்றும் முன்பக்கப் பற்சக்கரத்தைக் கடைகளில் செயின்வீல் என்பார்கள். அதன் பற்களின் எண்ணிக்கையைப் பின்பல்லின், அதாவது பின்பக்கப் பற்சக்கரத்தின் பற்களின், எண்ணிக்கையால் வகுத்து, டயரின் சுற்றளவால் பெருக்க வேண்டும். மிதி ஒரு முழுச் சுற்று சுற்றினால் வண்டி எத்தனை மீட்டர் நகரும் என்பது கிடைத்துவிடும். இதைச் சுற்றுநகர்வு என்று வைத்துக்கொள்வோம். எண் சிறியதாக ஆக ஏற்றம் இலகுவாகும். டயர் சுற்றளவு தெரியாவிட்டால், தரையில் படும் இடத்தில் டயரில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டு, வண்டியை ஒரு சுற்று உருட்டி அளந்தால் போதும். 2.25 அங்குல அகலமுள்ள 29 அங்குல டயருக்கு ஏறக்குறைய 2.29 மீட்டர் வரும். 27.5 அங்குலத்துக்கு 2.18. பழைய 26 அங்குலத்துக்கு 2.07 அளவில் இருக்கும்.

அவன் பார்த்த இருபத்தொரு கியர் வண்டி 27.5 அங்குலச் சக்கரம் கொண்டது. அதன் ஆகக் கீழான கியரில் சுற்றுநகர்வு 1.87 மீட்டர். ஒன்பது கியர் வண்டி 29 அங்குலம். பெரிய சக்கரமாக இருந்தும் 1.75 மீட்டர்தான். அதாவது மலைக்கு இலகுவானது ஒன்பது கியர் வண்டி. மறுமுனையில் சிறிது நேரம் பேச்சே இல்லை.

அவனை ஏமாற்றியது எண்ணிக்கைதான். மூன்று செயின்வீலையும் பின்னால் உள்ள ஏழு பற்சக்கரங்களையும் பெருக்கினால் இருபத்தொன்று வரும். ஆனால் அவற்றில் பல கியர்கள் ஒன்றின் மேல் ஒன்று விழுகின்றன. 42 பல் செயின்வீலில் 28 பின்பல்லைப் போட்டாலும், 24 பல் செயின்வீலில் 16 பின்பல்லைப் போட்டாலும் கிடைப்பது அதே ஒன்றரை விகிதம். ஆகக் கீழான கியருக்கும் ஆக மேலான கியருக்கும் உள்ள வீச்சைப் பார்த்தால், 42-34-24 செயின்வீலும் 14 முதல் 28 பல் வரையிலான ஃப்ரீவீல் என்ற பின்பக்கப் பற்சக்கரத் தொகுப்பும் சேர்ந்து 3.5 மடங்குதான் தருகின்றன. ஒற்றைச் செயின்வீலோடு 11 முதல் 42 வரை போகும் ஒன்பது பற்சக்கரங்கள் 3.8 மடங்கு தருகின்றன.

எவ்வளவு கீழே போக வேண்டும்?

சுற்றுநகர்வு தெரிந்துவிட்டது. அது போதுமா என்பது சாய்வையும் காலையும் பொறுத்தது. நான் சேலத்துக்காரன், என் மலை ஏற்காடு. எல்லோரும் அறிந்த பாதை அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளோடு போகும் தார்ச்சாலை. கொண்டை ஊசி வளைவு என்றாலே கடும் ஏற்றம் என்று பலர் பயப்படுகிறார்கள். உண்மையில் சாய்வைக் குறைப்பதற்காகத்தான் பாதையை அப்படி மடித்து மடித்துப் போட்டிருக்கிறார்கள். மொத்தத்தில் நூறு மீட்டர் போனால் ஐந்தாறு மீட்டர் உயரும், அவ்வளவே.

கணக்காகச் சொல்கிறேன். 70 கிலோ ஆள், 15 கிலோ வண்டி, மூச்சு முட்டாமல் தொடர்ந்து தரக்கூடிய 150 வாட் சக்தி. ஐந்தரை சதவீதச் சாய்வில் இவர் மணிக்குப் பத்து கிலோமீட்டர் வேகத்தில் போவார். அந்த இருபத்தொரு கியர் வண்டியின் கீழ்க் கியரிலேயே நிமிடத்துக்குத் தொண்ணூறு மிதிச்சுற்றுக்குப் பக்கத்தில் வரும். அதாவது கால் இலகுவாகத்தான் சுற்றும். ஆகவே ஏற்காட்டுத் தார்ச்சாலைக்கு மட்டும் வண்டி தேடுகிறவர் இந்தக் கட்டுரையை இத்தோடு மூடிவிடலாம். கியருள்ள எந்த வண்டியும் போதும். மீதியைக் காலும் காலை நேரக் குளிரும் பார்த்துக்கொள்ளும்.

சங்கடம் தொடங்குவது குப்பனூர் வழியில். அந்த மாற்றுப்பாதை குறுகலானது, செங்குத்தானது. பத்து சதவீதச் சாய்வில் அதே ஆள் மணிக்கு ஆறு கிலோமீட்டர்தான் போக முடியும். 1.87 மீட்டர் வண்டியில் நிமிடத்துக்கு 53 சுற்று, சுற்றுநகர்வை 1.45 மீட்டருக்கு இறக்கிய வண்டியில் 68. இந்த இரண்டு எண்களுக்கும் இடையில்தான் முழங்கால் இருக்கிறது. அறுபதுக்குக் கீழே போகும்போது ஒவ்வொரு மிதியையும் உடம்பின் பாரத்தைப் போட்டு அமுக்க வேண்டியிருக்கும். பத்து நிமிடம் தாங்கலாம், ஒரு மணி நேரம் முடியாது.

மலை சைக்கிளுக்கு உண்மையான சோதனை அதற்கும் அப்பால். காப்பித் தோட்டங்களுக்குள்ளே ஜீப் தடமாகவும் ஒற்றையடியாகவும் போகும் செம்மண் பாதைகளை யாரும் மடித்துப் போடவில்லை. மூட்டை சுமக்கிறவர்களும் ஜீப்பும் ஏறினால் போதும் என்று நேராக மேலே விட்டிருக்கிறார்கள். (காவலாளியிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும், காட்டெருமையிடம் சொல்ல வழியில்லை.) மண்ணில் இருபது சதவீதச் சாய்வு என்று வைத்துக்கொண்டால், 150 வாட் ஆள் மணிக்கு மூன்று கிலோமீட்டருக்கு இறங்கிவிடுவார். 1.87 மீட்டர் வண்டியில் நிமிடத்துக்கு 27 சுற்று. அதை மிதிப்பது என்று சொல்ல முடியாது. அந்த இடத்தில் மிதியின் மேல் ஒரு சுற்றில் சராசரியாக விழ வேண்டிய அழுத்தம் 32 கிலோ. நாம் வீட்டுக்கு வாங்கும் அரிசிச் சிப்பத்தை விடச் சற்று அதிகம். அதுவும் சராசரிதான்; கால் கிடைமட்டமாக நிற்கும் நொடியில் இன்னும் ஏறும். சுற்றுநகர்வை 1.35 மீட்டருக்கு இறக்கினால் அழுத்தம் 23 கிலோ ஆகும், சுற்று 37 ஆகும். இனிமையானது என்று சொல்லமாட்டேன். ஆனால் ஏறலாம்.

இன்னும் கீழே, ஒரு மீட்டருக்கு இறக்கினால் மேலும் நல்லதுதானே என்று கேட்கலாம். ஓரளவுக்கு மேல் பயனில்லை. மணிக்கு நான்கு கிலோமீட்டருக்குக் கீழே போனால் சக்கரம் தள்ளாடும். ஒரு கல் குறுக்கே வந்தால் நின்றுவிடும். மிதியை அழுத்தும்போது முன்சக்கரம் தரையிலிருந்து எழும். இருக்கையின் முன்முனைக்கு நகர்ந்து, முழங்கையை மடக்கி, மார்பைக் கைப்பிடிக்கு நெருக்கமாக வைத்தால் சமாளிக்கலாம். அதற்கும் கீழே என்றால் இறங்கித் தள்ளுவதே வேகம். என் அனுபவத்தில் 29 அங்குல வண்டிக்கு 1.3 முதல் 1.5 மீட்டர் வரை மலைக்கு ஏற்ற இடம். இளவயதுக்காரர் மேல் எண்ணோடு நிற்கலாம். என்னைப் போல் நாற்பதைத் தாண்டியவர்கள், சுமையோடு போகிறவர்கள், முழங்கால் வலி உள்ளவர்கள் கீழ் எண்ணைத் தேட வேண்டும்.

புதுமை வாங்கி அதிகமாக மூச்சு வாங்கிய கதை

இந்தப் பல் கணக்கு எனக்குப் பிறந்த நாளிலிருந்தே தெரியும் என்று நினைத்துவிட வேண்டாம். என் பழைய வண்டி 26 அங்குலம், மூன்று செயின்வீல், பின்னால் எட்டுப் பற்சக்கரம். முன்னால் ஆகச் சிறியது 22, பின்னால் ஆகப் பெரியது 34. அதை விற்றுவிட்டு 29 அங்குலத்தில், ஒற்றைச் செயின்வீலோடு, முன்னால் 32, பின்னால் 11 முதல் 42 வரை என்ற ஒன்பது கியர் வண்டிக்கு மாறினேன். எல்லோரும் ஒற்றைக்கு மாறிவிட்டார்கள். 42 பல் என்பது தோசைக்கல் அளவில் இருக்கிறது. நிச்சயம் இலகுவாக ஏறும் என்று நம்பினேன். முதல் ஞாயிற்றுக்கிழமை வழக்கமான மண்ணேற்றத்தில் பாதியிலேயே இறங்கிவிட்டேன். உடம்புதான் தளர்ந்துவிட்டது என்று இரண்டு மாதம் மாலை நடை போனேன். பிறகு ஒருநாள் பற்களை எண்ணினேன்.

பழைய வண்டியின் சுற்றுநகர்வு 1.34 மீட்டர். புதிய வண்டியில் 1.75. பணம் கொடுத்து முப்பது சதவீதம் கூடுதல் சுமையை வாங்கியிருந்தேன். பின்பல் பெரிதானதைப் பார்த்த கண், முன்பல் 22-லிருந்து 32-க்கு வளர்ந்ததையும், சக்கரம் பருத்ததையும் பார்க்கவில்லை. சக்கரத்தின் பெருக்கம் மட்டுமே பத்து சதவீதம்; அதே பற்களை 26 அங்குலத்திலிருந்து 29-க்கு மாற்றினாலே ஏற்றம் அந்த அளவுக்குக் கனக்கும்.

இருக்கும் வழிகளை அப்போதுதான் ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினேன்.

ஆகக் குறைந்த செலவு செயின்வீலை மாற்றுவது. 32-ஐ எடுத்துவிட்டு 30 போட்டால் ஆறு சதவீதம் குறையும்; 28 என்றால் பன்னிரண்டரை. ஆனால் மிதியைத் தாங்கும் கையான கிராங்க் எல்லாமே இதற்கு இடம் கொடுக்காது. நான்கு போல்ட்டில் பூட்டும், அந்தப் போல்ட்டுகளின் வட்டம் 104 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள கிராங்கில் 32-க்குக் கீழே போல்ட்டுகள் செயினின் வழியில் வந்துவிடும். அதற்கென்று செய்த 30 பல் சக்கரம் வரைதான் இழுக்கலாம். போல்ட்டே இல்லாமல் கிராங்கோடு நேராகப் பொருந்தும் வகையானால் 28-ம் அதற்குக் கீழும் கிடைக்கும். நான் 30 போட்டேன். 1.64 மீட்டர். வித்தியாசம் தெரிந்தது, போதவில்லை.

செயின்வீலைச் சிறிதாக்கினால் சமதளத்தில் வேகம் போய்விடும் என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். முன்னால் 30, பின்னால் 11, நிமிடத்துக்கு எண்பது சுற்று மிதித்தால் மணிக்கு முப்பது கிலோமீட்டர். கொழுத்த டயரோடு, எதிர்க்காற்றில், சேலத்திலிருந்து அடிவாரம் வரை அதற்கு மேல் மிதிக்கிற கால் எனக்கு என்றைக்குமே இருந்ததில்லை. இறக்கத்தில் மிதிக்க வேண்டிய அவசியமும் இல்லை. மேல் கியருக்காகக் கீழ்க் கியரைத் தியாகம் செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வியப்பாகத்தான் இருக்கிறது.

மூன்று செயின்வீலைக் கிழவி என்று ஒதுக்கலாமா?

கலிபோர்னியாவின் மரின் கவுண்டியில் 1970-களில் இந்த விளையாட்டைத் தொடங்கியவர்கள் முதலில் இறக்கத்துக்குத்தான் வண்டி வைத்திருந்தார்கள். ஒற்றைக் கியர் கொண்ட கனத்த பழைய சைக்கிள்களை லாரியில் ஏற்றியோ தள்ளியோ மேலே கொண்டுபோய், மண்பாதையில் பாய்ந்து இறங்குவார்கள். 1976-இல் நடந்த பந்தயப் பாதைக்கு ரீபேக் என்று பெயர் வந்ததே, ஒரு இறக்கத்தில் பின் பிரேக்கின் கிரீஸ் புகைந்துபோய், மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டியிருந்ததால்தான். நெடும்பயண சைக்கிள்களின் மூன்று செயின்வீலையும், செயினைத் தள்ளி மாற்றும் டெரெய்லரையும் அவற்றில் பொருத்திய பிறகுதான் மிதித்தே மேலே ஏற முடிந்தது. மலை சைக்கிளை மலையேற வைத்ததே அந்த மூன்று சக்கரங்கள்தான். அவற்றை அவ்வளவு இலேசாகத் தூக்கி எறிய எனக்கு மனமில்லை.

இன்றைக்கும் 22 முன்பல்லும் 34 பின்பல்லும் 29 அங்குல வண்டியில் 1.48 மீட்டர் தருகின்றன; 36 பின்பல் போட்டால் 1.40. விலை கூடிய பன்னிரண்டு கியர் வண்டிக்கு, முன்னால் 32, பின்னால் 51 போட்டால் வருவது 1.44. மலையின் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. மூன்று செயின்வீல் வண்டியின் மொத்த வீச்சோ (முன்னால் 22 முதல் 42, பின்னால் 11 முதல் 34 என்றால்) 5.9 மடங்கு, பன்னிரண்டு கியரின் 10 முதல் 51 வரையிலான கேசட் (பின்சக்கர நடுக்குடமான ஹப்பின் மேல் செருகும் பற்சக்கரத் தொகுப்பு) தருவது 5.1 மடங்கு. எட்டு, ஒன்பது கியர் செயினும் கேசட்டும் சிறிய ஊர்களிலும் கிடைக்கும். பன்னிரண்டு கியர் கேசட் தேய்ந்தால், அந்த விலைக்கு எட்டு கியர் கேசட்டுகள் பல வாங்கிவிடலாம்.

பிறகு ஏன் உலகமே ஒற்றைக்கு மாறியது? வீம்பு மட்டும் காரணமில்லை. பின் டெரெய்லர் செயினைத் தளர்ந்த பக்கத்தில் தள்ளுகிறது. முன் டெரெய்லர் இறுகிய பக்கத்தில், அதாவது நம் முழு பலமும் செயினில் ஓடிக்கொண்டிருக்கும் இடத்தில் தள்ளுகிறது. ஏற்றத்தின் நடுவில் நடுச் செயின்வீலிலிருந்து சிறியதற்கு மாற்ற வேண்டுமானால் மிதியைத் தளர்த்தியே ஆக வேண்டும். இருபது சதவீதச் சாய்வில் மிதியைத் தளர்த்தினால் வண்டி நிற்கும். தளர்த்தாமல் மாற்றினால் செயின் சட்டத்துக்கும் செயின்வீலுக்கும் நடுவில் விழும். பாதையை முன்கூட்டியே படித்து, ஏற்றம் தொடங்கும் முன்பே மாற்றிவிடுகிறவர்களுக்கு இது பொருட்டில்லை. வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியாத தோட்டப் பாதையில் நான் எத்தனை முறை செயினைக் கையால் எடுத்து மாட்டியிருக்கிறேன் என்பதற்குக் கணக்கில்லை. மழைக்காலச் செம்மண் வேறு. சேறு அப்பிய செயின் சிறிய செயின்வீலை விட்டுப் பிரியாமல் அதோடு சுற்றிக்கொண்டு மேலே போய்ச் சிக்கிக்கொள்ளும்.

ஆகவே என் தீர்ப்பு இப்படி: ஏற்கெனவே மூன்று செயின்வீல் வண்டி வைத்திருந்து, முன்னால் 22-ம் பின்னால் கேசட்டும் இருந்தால், மாற்றாதீர்கள். பின்னால் 32 இருந்தால் 34 ஆக்குங்கள், அவ்வளவுதான். ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு செய்ய வேண்டும். ஷிமானோ நிறுவனத்தின் எட்டு கியர் 11-34 கேசட்டில் கடைசித் தாவல் 26-லிருந்து நேராக 34-க்கு. 11-32-இல் அது 28-லிருந்து 32. பெரிய தாவலில் ஒரு நொடி கால் வெறுமனே சுற்றுவதுபோல் இருக்கும். கடைசிக் கியரை அவசரகாலக் கயிறாக நினைக்கிறவர்களுக்கு அது பரவாயில்லை.

இருபத்தொரு கியர் வண்டி வேறு சாதி. அதில் பின்னால் இருப்பது பெரும்பாலும் ஹப்பில் திருகி ஏற்றும் ஃப்ரீவீல். 14-28 ஃப்ரீவீலைக் கழற்றிவிட்டு 14-34 போடலாம். அதற்கு ஏற்ற டெரெய்லர்தானா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். 27.5 அங்குல வண்டியில் 1.87 மீட்டர் 1.54-க்கு இறங்கும். கொடுக்கும் காசுக்கு இதைவிடப் பெரிய மாற்றம் வேறெதிலும் கிடைக்காது. பின்னால் கடைசித் தாவல் 24-லிருந்து நேராக 34-க்கு. அதன் கரடுமுரட்டைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் ஃப்ரீவீல் ஹப்பில் பேரிங் உள்ளே தள்ளி இருப்பதால், அச்சின் வலப்பக்கம் தாங்கலின்றி நீண்டு நிற்கும். கனமான ஆள் கல்பாதையில் குதித்து இறங்கினால் அச்சு வளையும், சில சமயம் முறியும். தோட்டப் பாதையில் ஏறுகிறவர் இறங்கவும் வேண்டுமே.

இரட்டைச் செயின்வீல் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 36-22 செயின்வீலும் 11-36 கேசட்டும் மலைக்கு அருமையான இணை. பின்பற்களுக்கு நடுவே தாவல் சிறியது. சாமான் கட்டிக்கொண்டு பல நாள் பயணம் போகிறவருக்கு நான் இதைத்தான் சொல்வேன். ஆனால் புதிய மலை சைக்கிள்களில் இது அருகிவிட்டது. பழைய வண்டியாகக் கிடைத்தால் விடாதீர்கள். ஹப்புக்குள்ளேயே கியர் வைத்த ரோலாஃப் போன்றவையும் உண்டு. பதினான்கு கியர், 5.26 மடங்கு வீச்சு, சேற்றுக்கு அஞ்சாதது. விலையைக் கேட்டால் ஒரு மோட்டார் சைக்கிளே நினைவுக்கு வரும்.

ஒற்றையில் எந்த ஒற்றை?

ஸ்ராம் நிறுவனம் 2012-இல் 10 முதல் 42 வரை பதினொரு பற்சக்கரங்களோடு ஒற்றைச் செயின்வீலைக் கொண்டுவந்தது. 2016-இல் பன்னிரண்டாகி 50-ஐத் தொட்டது. ஷிமானோ 2018-இல் 51-க்குப் போனது. ஸ்ராம் 2020-இல் 52-க்குப் போனது. இந்தப் போட்டியால் நமக்கு வந்த நன்மை, மேல்தட்டு வண்டிகளில் இருந்த பெரிய பின்பல் நடுத்தர விலைக்கு வழிந்து வந்ததுதான்.

கடையில் கேட்க வேண்டியது கியர் எண்ணிக்கையை அல்ல, ஹப்பின் வகையை. 10 பல்லில் தொடங்கும் கேசட்டுக்கு அதற்கென்று தனி ஹப் உடல் வேண்டும். ஷிமானோவுக்கு ஒன்று, ஸ்ராமுக்கு வேறொன்று. 11-இல் தொடங்கும் மலை சைக்கிள் கேசட்டுகள் பெரும்பாலும் எட்டு, ஒன்பது கியர் கேசட் உட்கார்ந்த பழைய ஹப்பிலேயே உட்கார்ந்துவிடும். ஷிமானோ டியோர் வரிசையில் பத்து கியர் 11-46, பதினொரு கியர் 11-51, ஸ்ராமின் மலிவான பன்னிரண்டு கியர் 11-50, மைக்ரோஷிஃப்டின் பத்து கியர் 11-48 எல்லாம் இந்த வகை. 10 பல்லை இழப்பதால் போவது மேல் வேகத்தில் கொஞ்சம். மலைக்காரருக்கு அது நட்டமே இல்லை.

29 அங்குல வண்டியில் 30 செயின்வீலோடு பார்த்தால் 42 பல்லுக்கு 1.64 மீட்டர், 46-க்கு 1.49, 48-க்கு 1.43, 51-க்கு 1.35. இருபத்தைந்து வயதில், சுமையின்றி, வாரக்கடைசி மட்டும் போகிறவருக்குப் பத்து கியரே போதும் என்பேன். அந்த 11-46-இல் ஒரு குறை: கடைசித் தாவல் 37-லிருந்து 46-க்கு, கிட்டத்தட்ட கால் பங்கு. 11-51-இல் 39, 45, 51 என்று படி ஒழுங்காக இறங்குகிறது. நீண்ட ஏற்றத்தில் மூச்சின் தாளம் கெடாமல் ஒரு படி இறங்க முடிவது சிறிய வசதியில்லை.

நான் கடைசியில் 11-51-க்கே போனேன். ஹப்பை மாற்றத் தேவையில்லை. கேசட், செயின், டெரெய்லர், கைப்பிடியில் இருக்கும் ஷிஃப்டர் நான்கும் மாறின. டெரெய்லரை வைத்துக்கொண்டு கேசட்டை மட்டும் மாற்றினால் போதாதா என்று முதலில் முயன்றதில் ஒரு மாதம் வீண்; 42 வரைக்கான டெரெய்லர் 51-இன் மேல் உரசிக்கொண்டே இருந்தது. டெரெய்லரைப் பல்லிலிருந்து விலக்கி வைக்கும் பி-திருகை முழுவதும் உள்ளே திருகியும் பலனில்லை. டெரெய்லருக்கு எட்டும் ஆகப் பெரிய பல் எது என்பதை அதன் குறிப்பிலேயே போட்டிருப்பார்கள். அதைப் படித்துவிட்டு வாங்க வேண்டும்.

எல்லாம் முடித்து அளந்தேன். 1.35 மீட்டர். விற்ற பழைய வண்டியில் இருந்தது 1.34.

ஒரு சுற்றுச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்திருந்தேன், பணப்பை மட்டும் இளைத்து. முழுக்க வீண் என்றும் சொல்லமாட்டேன். ஏற்றத்தின் நடுவில் ஒரே விரலால் கியர் மாறுகிறது. குறுகலும் அகலமுமாக மாறி மாறிப் பல் வெட்டிய செயின்வீலும், செயினை இறுக்கிப் பிடிக்கும் கிளட்ச் வைத்த டெரெய்லரும் சேர்ந்து, செயின் விழுவது என்பதையே மறக்கவைத்துவிட்டன. பதிலுக்குக் கொடுத்த விலைகளும் உண்டு. டெரெய்லரின் கை நீளமாகிக் கல்லுக்கு அருகில் தொங்குகிறது. அதைச் சட்டத்தோடு இணைக்கும் மெல்லிய அலுமினியத் துண்டு வளைந்தால் கியர் எதுவும் சரியாக விழாது. அந்தத் துண்டு ஒவ்வொரு வண்டிக்கும் ஒவ்வொரு வடிவம், மலைமேல் எந்தக் கடையிலும் கிடைக்காது. உபரி ஒன்று பையில் எப்போதும் இருக்கிறது. 51 பல்லில் ஓடும்போது செயின் கோணலாக ஓடுகிறது. ஏற்றத்திலேயே வாழ்கிறவருக்குச் செயின் சீக்கிரம் தேயும். தேய்ந்த செயினை உடனே மாற்றாவிட்டால் அது கேசட்டையும் தின்றுவிடும். செயின் அளவி ஒன்றை வாங்கி மாதம் ஒருமுறை வைத்துப் பார்ப்பது என் பழக்கமாகிவிட்டது. தேய்மானம்தான் உங்கள் கவலை என்றால், ஷிமானோ 2023-இல் கொண்டுவந்த க்யூஸ் வரிசையைப் பாருங்கள். பற்களைத் தடிமனாக்கி, நீடித்து உழைப்பதற்கென்றே செய்தது. பதினொரு கியரில் 11-50 வரை போகிறது. கனம் கூடுதல், ஹப் பழையதே போதும்.

அக்கா மகனுக்குச் சொன்னது இதுதான். இரண்டு வண்டியும் இன்றைக்கு இருக்கும் நிலையில் மலைக்குப் போதாது. இருபத்தொரு கியர் வண்டியை ஃப்ரீவீல் மாற்றிக் குறைந்த செலவில் 1.54-க்குக் கொண்டுவரலாம், ஆனால் அதன் பாதை அங்கேயே முடிந்துவிடும். ஒன்பது கியர் வண்டியில் 30 செயின்வீல் போட்டால் இன்றைக்கு 1.64 தான், ஆனால் கேசட் ஹப் இருக்கிறது, நாளைக்குக் கையில் காசு வந்தால் 51 வரை போகலாம். நீ வாங்குவது கியரை அல்ல, ஹப்பை என்றேன். ஒன்பதையே எடுத்தான். செயின்வீலை வாங்கும்போதே கடையில் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள்.

போன மாதம் அவனை அழைத்துக்கொண்டு மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே போகும் அந்தப் பழைய மண்ணேற்றத்துக்குப் போனேன். முக்கால்வாசி ஏறிவிட்டான், கடைசித் துண்டில் கால் தரையைத் தொட்டது. நான் இறங்கவில்லை. இறங்கவில்லையே தவிர, வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்த அவன் என் பக்கத்திலேயே வந்துகொண்டிருந்தான், பேசிக்கொண்டே. எனக்குப் பேச மூச்சில்லை. உச்சியில் வண்டியைச் சாய்த்துவிட்டுத் தண்ணீர் குடித்துத் திரும்பிப் பார்த்தால், என் பின்சக்கரத்தின் அருகே குந்தி உட்கார்ந்து பற்களை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தான்.